கிளிமீனுக்கு அலகு வந்த கதை

அந்தக் காலத்தில் கடலுக்குள் எல்லாருக்கும் வாய் இருந்தது. கிளிமீனுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. உதடு பஞ்சு மாதிரி. வேலை வெட்டி கிடையாது. பாசி எடுக்க முங்கும் பெண்களிடம் நாள் முழுக்கக் கதை அளந்துகொண்டிருக்கும்.

அந்தப் பெண்களில் நம்புதாய் என்றால் அதற்கு உயிர். அவள் பிள்ளைத்தாய்ச்சி. பாவம், அவளுடைய ஓலைக்குடிசையை வருஷா வருஷம் வாடைக்காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும்.

"கல்லு வீடு ஒண்ணு இருந்தா எம்புள்ள நனையாது" என்று ஒருநாள் மூக்கை உறிஞ்சினாள்.

கிளிமீனுக்கு மனம் பொறுக்கவில்லை. "இதுக்கா அக்கா அழுகுற? உன் காலுக்குக் கீழயே பவளப்பாறை கெடக்கு. பேத்து அடுக்குனா வீடு!"

பவளப்பாறை அதிகம் பேசாத ஜீவன். அன்று பேசியது. "தாயி, நான் குறுக்க கெடக்கவும்தான் அலை உன் கரைக்குச் சாதுவா வருது. என்னைப் பேத்துறாத."

"அது அப்படித்தான் சொல்லும்" என்றது கிளிமீன். "எம்புட்டுப் பெரிய பாறை! ஒரு வீட்டுக்கு எடுத்தா கொறஞ்சா போகும்?"

நம்புதாய் தயங்கினாள். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. மறுநாள் அவளும் கணவன் களஞ்சியமும் கடப்பாரையோடு முங்கினார்கள். வீடு வெள்ளை வெளேரென்று எழும்பியது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் ஆளுக்கொரு கடப்பாரை எடுத்தார்கள். யாரைக் குறை சொல்வது? எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

நம்புதாய்க்குப் பெண் பிறந்தாள். வாடைக்காற்றும் வந்தது. கூரை அசையவில்லை. ஆனால் அலை, தடுக்க ஆளில்லாமல், நேரே வாசலுக்கு வந்தது. சுவரை விட்டுவிட்டு அடியில் இருந்த மணலை அள்ளிக்கொண்டு போனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம்புதாய் வெளியே ஓடி வரவும், வீடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஊரில் வள்ளம் இழுத்துப் போடக்கூடக் கரை மிச்சமில்லை.

காற்று ஓய்ந்ததும் கிளிமீன் வந்தது. குடியிருந்த பாறை போய், அதுவும் நடுத்தெருவில்தான் நின்றது. "என் வாய்தான் உன்னக் கெடுத்துச்சு அக்கா" என்று அழுதது.

"உன் பேச்சைக் கேட்டது நான்தான" என்றாள் நம்புதாய்.

இருவரும் மிச்சமிருந்த பாறையிடம் போனார்கள். அது திட்டவில்லை. "எங்குஞ்சுக ஒட்டி வளர எடமில்ல. கடலடியில கல்லு கெடந்தா அதுல முளைச்சிரும். ஆனா அதுவரைக்கும் கரைக்கு மணல் யாரு தருவா?"

நம்புதாய் நேரே கரைக்குத் திரும்பினாள். இடிந்த வீட்டின் கற்களை ஒவ்வொன்றாகச் சுமந்து கடலுக்குள் இறக்கினாள். பிள்ளைக்கென்று கட்டியதைத் தன் கையாலேயே திருப்பிக் கொடுப்பது லேசா? அழுதுகொண்டேதான் கொடுத்தாள். ஊரும் பின்னால் வந்தது.

அதைப் பார்த்த கிளிமீன், "பேசுனது போதும். மணல் நான் தாரேன்" என்றது. உடைந்து கிடந்த உயிரில்லாத பாறைத் துண்டு ஒன்றை ஓங்கிக் கடித்தது. உதடு கிழிந்தது. மறுபடியும் கடித்தது. கடிக்கக் கடிக்க வாய் காய்த்து, கிளிமூக்காக இறுகிப்போனது, பேச்சு நின்றது. மென்ற கல் மணலாக வெளியே வந்தது. எந்த வழியாக என்று கேட்காதீர்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கரை திரும்பியது. நம்புதாயின் மகள் அந்த மணலில்தான் முதல் அடி வைத்தாள்.

அன்று முதல்தான் கிளிமீன் ஒரு வார்த்தை பேசாமல் கல்லை மென்றுகொண்டே இருக்கிறது. அது வலையில் சிக்கினால் அந்தக் கரைப் பெண்கள், "போ தங்கச்சி, பிள்ளைகளுக்கு மணல் கொண்டா" என்று கடலிலேயே விட்டுவிடுகிறார்கள்.