மெத்தென்ற கிளவுஸ்

ரெஜினாவுக்கு வலது கண்ணில் இனி பார்வை திரும்பாது என்று டாக்டர் கையை விரித்த மறுநாள், தனகோடி கூடத்திலிருந்த பாக்ஸிங் கிளவுஸ் அத்தனையையும் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். ராயபுரத்தில் பெண்களுக்கென்று அவள் நடத்தும் குத்துச்சண்டைக் கூடம் அது. பயிற்சிச் சண்டையில் மாணவி ரெஜினாவின் கண்ணில் விழுந்த குத்தும் தனகோடியுடையதுதான்.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அதுதான் கொடுமை. "வுடுக்கா, ரிங்குல நின்னா அடி வுழத்தான் செய்யும்" என்று ரெஜினாவே சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து தனகோடிக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் இறங்கும்? அவளுக்குத்தான் தெரியுமே. அந்தப் பக்கத்துக் கூடங்களில் ஒரு பழக்கம். புது கிளவுஸ் வந்தால், விரல் முட்டிக்கு மேலிருக்கும் பஞ்சைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி மணிக்கட்டுப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அப்போதுதான் குத்து நறுக்கென்று இறங்குமாம், கை பேசுமாம். போட்டிக்குச் செய்த திருட்டுத்தனம் பயிற்சிக்கும் வந்துவிட்டது. டீ குடித்தபடி ஊர்க்கதை பேசும்போதுகூட மடியில் ஒரு கிளவுஸ் கிடக்கும், விரல் பாட்டுக்குப் பிசைந்துகொண்டிருக்கும். தப்பென்று எவர் நினைத்தார்? ரெஜினாவுக்கு அடிபட்ட அன்றைக்குத் தனகோடி போட்டிருந்ததிலும் முட்டி மேல் தோல்தான் மிச்சம்.

புதிது வாங்கப் பெரியமேட்டுக் கடைக்குப் போனபோது மாஸ்டர் சூசைமாணிக்கத்தையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் குத்தக் கற்றுக்கொடுத்தவர். அவளைவிட இரண்டு வயது இளையவர், ஆனாலும் மாஸ்டர் மாஸ்டர்தான். அவர் வாயைத் திறந்தால் அன்றைக்கு விசேஷம்.

"யாருக்கும் அடிபடாத கிளவுஸா நீங்களே எடுத்துக் குடுங்க மாஸ்டர். எனக்கு என் மேலயே நம்பிக்கை போச்சு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ எடு. நான் பாக்கறேன்."

கடைக்காரர் பத்து அவுன்ஸ் ஜோடியை நீட்டினார்.

"வேணாம். இருக்கறதுலயே கனமானதா காட்டுங்க."

பதினாறு வந்தது.

"இதுக்கு மேல?"

"பதினெட்டு கீது. தலகாணி மாதிரி இருக்கும் மேடம். பொண்ணுங்க தூக்க முடியாம உங்களைத்தான் திட்டும்."

"திட்டட்டும்."

ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஜோடியின் மற்றொன்று மேஜை மேலேயே இருந்தது. பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"மெத்துனு கீது மாஸ்டர். இது பட்டா கன்னம்கூட செவக்காது, இல்ல?"

அவர் அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே எல்லாத்துக்கும் வாங்கிடறேன். இனிமே எவளாவது பஞ்சைத் தள்ளுறத பார்த்தேன், அன்னிக்கே வெளிய அனுப்பிடுவேன். எல்லாம் என்னை நம்பி வர்ற புள்ளைங்க மாஸ்டர். இன்னொருத்தி கண்ணு போச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கூடத்தையே மூடிடலாமான்னு பார்த்தேன். மூடிட்டு நான் இன்னா பண்ணுவேன்? வேற ஒண்ணும் தெரியாதே எனக்கு. நீங்க சொல்லுங்க, இது சரியா இருக்குமா? இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

மாஸ்டர் கையை நீட்டினார். "குடு அத."

கொடுத்தாள். அவர் அதை மேஜை மேலிருந்த அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒன்று, வந்தபடியே உப்பிக்கொண்டு நின்றது. அவள் மடியிலிருந்து வந்ததில் முட்டிக்கு மேலே ஒரு பள்ளம். பேசி முடிப்பதற்குள் விழுந்த பள்ளம்.

தனகோடி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரல் சிவந்திருந்தது.

"நான்... எப்போ மாஸ்டர்? சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு தெரியும்" என்றார். எழுந்து ஸ்டூலை அதன் இடத்தில் தள்ளினார். "கிளவுஸ் நல்லாத்தான் கீது. வாங்கிக்க. வெரல இன்னா பண்ணப் போற?"

பில் போடலாமா என்று கடைக்காரர் கேட்டார். தனகோடி சிவந்த கட்டை விரலை மற்றக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டாள்.