பொந்து வாசலுக்கு வந்த பழங்கள்

மேகம் தவழும் ஒரு மலைக்காட்டில் ஓர் இருவாச்சிப் பறவை வாழ்ந்துவந்தாள். அந்தக் காட்டு உயிர்கள் எல்லாம், தங்களைப் படைத்து, தங்களுக்காகத் தம் உயிரையும் கொடுத்த நல்ல மேய்ப்பரையே ஆராதித்தன. ஆனால், விதம்தான் வேறு வேறு. இருவாச்சிகள் உச்சிக்கிளையில் உரக்கப் பாடும். அணில்கள் கண்மூடி மௌனமாக இருக்கும். கருங்குரங்குகள் பாறையில் வட்டமாக உட்கார்ந்து தலைகுனியும்.

ஒருநாள் மலையணில் இருவாச்சியிடம், "அக்கா, நாளைக்கு நாம் சேர்ந்து ஆராதிக்கலாமா?" என்று கேட்டது.

"வாய் திறக்காததும் ஒரு துதியா? முதலில் எங்களைப் போலப் பாடக் கற்றுக்கொள். ஒற்றுமையைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றாள் இருவாச்சி.

அணில் தன் கிளைக்குத் திரும்பிப் போய்விட்டது.

முட்டையிடும் காலம் வந்தது. இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, தன் இன வழக்கப்படி வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விட்டாள். உள்ளே அவளுடைய இறகுகள் உதிர்ந்தன. முட்டை பொரிந்தது. துணைவன்தான் அந்தப் பிளவு வழியே தாய்க்கும் குஞ்சுக்கும் பழம் ஊட்டிவந்தான்.

ஒரு புயல் நாளில் அவன் வரவில்லை. மறுநாள் மரத்தடியிலிருந்து அவன் குரல் மட்டும் கேட்டது.

"கிளை விழுந்து என் இறக்கை முறிந்துவிட்டது. மேலே வர முடியவில்லை!"

இருவாச்சி என்ன செய்வாள்? வெளியே போனால் பறக்க இறகில்லை. உள்ளே இருந்தால் பசி. குஞ்சு கத்திக் கத்தி ஓய்ந்தது.

"ஆண்டவரே, இந்தக் குஞ்சையாவது..." என்று அவள் மன்றாடினாள்.

அப்போது பிளவில் ஓர் அத்திப்பழம் தெரிந்தது. அதைப் பிடித்திருந்தது ஒரு சின்னக் கை.

"சீக்கிரம் வாங்குங்கள் அக்கா, தலைகீழாகத் தொங்குகிறேன்" என்றது மலையணில்.

"நீயா! உன்னை அவ்வளவு பேசினேனே..."

"குஞ்சு அழுதது எங்கள் கிளைவரை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் எப்படித் துதிப்பது?"

அணில் இறங்கியதும் ஒரு கறுத்த கை நாவற்பழம் நீட்டியது. பிறகு ஓர் அலகு. பிறகு வேறொரு கை. நாள்தோறும் இப்படியே நடந்தது. பிளவோ சிறியது; வருகிறவர் முகம் தெரியாது. எந்தக் கூட்டம் என்று கேட்பதையே இருவாச்சி விட்டுவிட்டாள்.

புது இறகுகள் முளைத்தன. ஒரு காலையில் அவள் மண்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் மரத்தைப் பார்த்ததும் அப்படியே அசையாமல் நின்றாள்.

அடிமரத்திலிருந்து பொந்துவரை பட்டை முழுவதும் நகக்கீறல்கள்! ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ணி முடியாத கீறல்கள். எத்தனை பேர், எத்தனை முறை ஏறியிருக்க வேண்டும்! இளவெயிலில் அந்த மரமே பொன்னாக ஒளிர்ந்தது. அவள் உடல் சிலிர்த்தது. ஆலயத்துக்குள் நிற்பதுபோல் தலை தானாகத் தாழ்ந்தது.

கீழே, துணைவனைச் சுற்றிக் குரங்குகளும் அணில்களும் பறவைகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

குஞ்சு பொந்திலிருந்து தலையை நீட்டி, "இவர்கள் எல்லாம் யார் அம்மா?" என்று கேட்டது.

"நம் வீட்டார், கண்ணே" என்றாள் இருவாச்சி.

நீதி: ஒரே ஆண்டவரை நம்புகிறவர்கள், ஒருவருக்காக ஒருவர் பாடுபடும்போதுதான் உண்மையில் ஒன்றாகிறார்கள்.