கோரையும் துடியன் முயலும்

ஓடைக்கரையில் துடியன் என்ற ஆண் முயலும் செம்பி என்ற பெண் முயலும் ஒரு தோட்டம் போட்டிருந்தன. பாதியில் தண்டுக்கீரை, பாதியில் வேர்க்கடலை. கோடையில் புல் காய்ந்துபோனால் அதுதான் சாப்பாடு. கடலைச் செடிகளுக்கு அடியில் மூன்று குட்டிகள், கண் திறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

ஒரு காலையில் கீரைக்கு நடுவே ஊசிபோல ஐந்தாறு பச்சை முளைகள் தெரிந்தன.

“என்னங்க, இது கோரை!” என்று பதறியது செம்பி.

“புல்தானே! இதற்கா பயப்படுகிறாய்?” துடியன் நறுக்கென்று கடித்துத் துப்பியது.

மூன்றாம் நாள் அதே இடத்தில் இருபது முளைகள். துடியன் அவற்றையும் கடித்தது. அடுத்த வாரம் கீரை எது, கோரை எது என்றே தெரியவில்லை. கீரைத் தண்டுகள் வெளுத்துச் சாய்ந்தன.

செம்பி ஒரு முளையை ஒட்டி மண்ணைப் பறித்துப் பார்த்தது. அடியில் கறுப்பாக ஒரு கிழங்கு. அதிலிருந்து நூல்போல ஒரு வேர். அதன் முனையில் இன்னொரு கிழங்கு!

“மேலே கடித்தால் போகாதுங்க. ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கணும்.”

“ஒவ்வொன்றாகவா? அதற்குள் கோடையே வந்துவிடும்! நான் ஒரே நாளில் முடிக்கிறேன், பார்!”

துடியன் நேரே காட்டுப்பன்றியிடம் ஓடியது. “அண்ணே, எங்கள் கீரைப் பாத்தி முழுக்கக் கோரைக்கிழங்கு! வந்து சாப்பிடுங்கள்!”

பன்றி வந்தது. மூக்கால் மண்ணைப் புரட்டியது. கிழங்கு, கீரை, மண்கட்டி எல்லாம் பறந்தன. துடியன் கைகொட்டிச் சிரித்தது.

கீரைப் பாத்தி முடிந்தது. பன்றி நிற்கவில்லை. மோந்துகொண்டே கடலைப் பக்கம் திரும்பியது.

“அண்ணே, போதும்!” என்று கத்தியது துடியன். பன்றியின் காதில் விழவில்லை. குட்டிகள் மூச்சுக்கூட விடாமல் கிடந்தன. இன்னும் நாலடி... மூன்றடி...

செம்பி பாய்ந்து பன்றியின் மூக்குக்கு முன்னால் நின்றது.

“அண்ணே! இங்கே கிழங்கு சுண்டைக்காய் அளவுதான். ஓடை வளைவில் ஈரமண்ணில் நெல்லிக்காய் அளவு கிடக்கிறது. காட்டெருமைகள் வந்துவிட்டால் மிதித்துச் சேறாக்கிவிடும்!”

“அப்படியா? முதலிலேயே சொல்லக் கூடாதா!” பன்றி திரும்பி ஓடியது. செம்பி குட்டிகளிடம் ஓடியது.

பன்றி எல்லாக் கிழங்கையும் தின்றுவிடவில்லை. சிதறிய கிழங்குகளும் உடைந்த துண்டுகளும் மண் முழுக்கக் கலந்திருந்தன. பத்தாம் நாள் அத்தனையும் முளைத்தன. கீரை இருந்த இடத்தில் கோரை மட்டுமே நின்றது. நாலைந்து முளைகள் கடலைக்குள்ளும் எட்டிப்பார்த்தன.

துடியன் காதுகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. “என்னால்தான் இப்படி ஆயிற்று. இனி என்ன செய்வது செம்பி?”

“முதலில் கடலையைக் காப்பாற்றுவோம். தோண்டுங்கள். வேர் அறாமல் தோண்டுங்கள்.”

அன்றிலிருந்து இரண்டும் விடியும்போதே வேலையைத் தொடங்கின. ஒவ்வொரு முளையின் வேரையும் பிடித்துக்கொண்டே போய்க் கிழங்கை எடுத்தன. எடுத்ததைச் சுடுபாறையில் போட்டுச் சுருங்கக் காயவைத்தன. எதையும் பூக்க விடவில்லை. துடியனின் நகங்கள் தேய்ந்தன. வளர்ந்த குட்டிகளும் சேர்ந்துகொண்டன. அந்தக் கோடையில் ஐந்தும் கடலையை மட்டும் தின்று அரை வயிற்றோடு காலம் தள்ளின.

மழை வந்து நின்ற ஒரு காலையில், தோட்டத்தில் ஒரு கோரைகூட இல்லை.

“ஒழிந்தது!” என்று குட்டிகள் குதித்தன.

துடியன் குதிக்கவில்லை. “நாளைக்கும் பார்க்கணும்” என்றது.

மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தபோது ஒன்றே ஒன்று முளைத்திருந்தது. துடியன் உட்கார்ந்து, மெதுவாகத் தோண்டத் தொடங்கியது.

தொல்லையை மேலோடு கிள்ளுகிறவனும் ஒரே நாளில் ஒழிக்க நினைப்பவனும் அதை வளர்க்கவே செய்வார்கள். அடிவரை போய், விடாமல் களைகிறவனே அதிலிருந்து மீள்வான்.