கால் நோகுதப்பா

காவிரித் தென்கரையில் உள்ள பூங்கரையூரில், மல்லர்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிட்டுப் பிழைத்து வந்தார் ஆலங்காடனார். விடிந்ததும் கோயிலுக்குப் போய், கூத்தாடும் பெருமானின் ஊன்றிய காலைக் கண்ணாரக் கண்டு கும்பிடுவார். பிறகு மல்லர்கள் பயிலும் மற்சாலையில் எந்த மல்லனின் காலைத் தொட்டாலும் அந்தத் திருவடியைத் தொடுவதாகவே எண்ணித் தொடுவார்.

மல்லர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மற்சாலைக்குள் ‘நோகுது’ என்ற சொல்லை யாரும் வாய்திறந்து சொல்லக் கூடாது. சொன்னவன் கோழை என்று பெயர் வாங்கி வெளியேற வேண்டியதுதான். ஆகவே எலும்பே முறிந்தாலும் "ஒண்ணுமில்ல" என்று பல்லைக் கடித்துக்கொள்வார்கள். நல்ல வீரம்!

ஆனித் திருவிழா வந்தது. பெருமான் பல்லக்கில் எழுந்தருள, அவர் முன்னிலையில் மற்போர் நடப்பது வழக்கம். ஊர்த்தலைவர் மழவராயர், எயினன் என்ற இளம் மல்லனையே மலைபோல் நம்பியிருந்தார். அவனுக்கோ முழங்கால் வீங்கிப் பூசணிக்காயாகக் கிடந்தது.

"மரத்துப் போற பச்சிலையை அரைச்சுப் பூசு. வலி தெரியாம எறங்கிடுவான்" என்றார் மழவராயர், ஆலங்காடனாரிடம்.

"வலி தெரியாது எசமான். ஆனா காலு போயிடும். பிள்ளை ஆயுசுக்கும் நடக்க மாட்டான்."

"சாமிக்கு நடக்கிற போரு இது. தடுத்தா சாமி குத்தம்!"

"அவரு குடியிருக்கிற ஒடம்பை ஒடிச்சு அவருக்கே படைக்கிறதா? என் கை செய்யாது எசமான்."

அன்றே மற்சாலைக் கதவும் கோயில் கதவும் அவருக்கு அடைபட்டன. வேலை போனதற்கு அவர் கலங்கவில்லை. பெருமானைக் காண முடியாமற்போனதற்கே அழுதார். ஊர் எல்லையில் வண்டி மாடுகளின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடத் தொடங்கினார்.

"என்ன ஓய், மாட்டுக்கு மல்லு சொல்லித் தர்றீரா?" என்று போகிறவர்கள் கேலி செய்தார்கள்.

"அவரு ஏறுற வாகனமாச்சே" என்று சிரித்துக்கொண்டே தேய்த்தார் அடியார்.

திருவிழா நாளில் வேறொருவன் பச்சிலையைப் பூசிவிட, எயினன் களத்தில் வந்து நின்றான். பெருமானின் பல்லக்கோ களத்து வாசலிலேயே நின்றுவிட்டது. ஆள் மாற்றித் தூக்கினார்கள், அசையவில்லை. அப்போது பல்லக்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"நோகுது."

கூட்டம் பல்லக்கை நெருங்கியது.

"எத்தனை காலந்தான் ஒத்தக் காலுல நிக்கிறது? கால் நோகுதப்பா. ஆலங்காடனை வரச் சொல்லுங்க."

மழவராயரே ஓடினார். சாணம் ஒட்டிய வேட்டியோடு வந்த அடியார், பெருமானின் ஊன்றிய காலைப் பற்றித் தேம்பித் தேம்பி அழுதபடியே எண்ணெய்க் கையால் நீவிவிட்டார். பல்லக்கு பூப்போல எழும்பியது.

களத்து நடுவே, பச்சிலையையும் மீறி வலி கிளம்ப, எயினன் மணலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"எனக்கும் நோகுதய்யா" என்று வாய்விட்டு அழுதான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மழவராயர் தம் மேல்துண்டை மடித்து அவன் முழங்காலுக்கு அடியில் வைத்தார். "போரு கெடக்கட்டும். நீ எந்திரிச்சு நடந்தாப் போதும்டா" என்றார். அடியார் அவனருகில் அமர்ந்து பச்சிலையைத் துடைத்தெடுத்தார்.

அடுத்த ஆனியில் பல்லக்கின் முன்தண்டைத் தோளில் தாங்கி, வீதி முழுவதும் நடந்தே வந்தான் எயினன். வலியைச் சொல்வது கோழைத்தனம் அல்ல என்று ஆண்டவனையே பேச வைத்த ஆலங்காடனாரின் எண்ணெய்க் கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.