வாசலில் வந்த வரி

"வரியை யாரும்மா கட்டணும்? நானா, வாங்குறவங்களா?"

மலையேறி வந்த மூச்சு அடங்குவதற்கு முன்பே அங்குராஜ் இதைக் கேட்டார்.

கேட்டது சுகந்தி அம்மாவிடம். சிறுமலைச் சரிவில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு, குழப்பத்தோடு வருகிறவர்களுக்கு நியாயம் சொல்பவர். அங்குராஜை விடப் பதினைந்து வயது இளையவர். ஊர் அவரை அம்மா என்றது. முதல்முறையாக வந்திருந்த அங்குராஜும் அப்படியே கூப்பிட்டார். குருவுக்கு வயது பார்த்துக்கொண்டிருந்தால் காரியம் ஆகாது.

"முதல்ல உக்காருங்கய்யா. என்ன வரி?"

"அமெரிக்காவுல போட்டிருக்கிற புது இறக்குமதி வரிம்மா."

அங்குராஜுக்குத் திண்டுக்கல்லில் சலங்கைப் பட்டறை. தோல் பட்டையில் பித்தளை மணிகளை வரிசையாகத் தைத்து, பரதம் ஆடும் பிள்ளைகளுக்கு அனுப்புவார். பட்டறையில் ஆறு பேர். ஆறு வீட்டிலும் உலை கொதிப்பது கடல் தாண்டி வரும் ஆர்டரில்தான்.

"முன்னெல்லாம் சின்னப் பார்சலுக்கு வரியே கிடையாது. இப்ப எல்லாத்துக்கும் உண்டுங்கிறாங்க. நியூஜெர்சியில சுபத்ரான்னு ஒரு அம்மா. மகளுக்கு அரங்கேற்றம். கூரியர்காரரு வாசல்ல நின்னுக்கிட்டு, வரியைக் கட்டினாத்தான் பொட்டியைத் தருவேன்னுட்டாராம்."

"கட்டினாங்களா?"

"மாட்டேன்னுட்டாங்க. பொட்டி திரும்பி வருது. அந்தப் புள்ள யார் சலங்கையையோ இரவல் வாங்கி ஆடப் போகுதாம்."

"உங்களை என்ன சொன்னாங்க?"

அங்குராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மோசக்காரன்னு எழுதிட்டாங்கம்மா."

முப்பது வருடத் தொழிலில் அவர் கேட்காத சொல். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"வரி இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பொட்டி கட்டுறதுக்கு முன்னாடியே தெரியும். கூரியர் ஆபீஸ்ல சொன்னாங்க."

"அந்தம்மாவுக்கு?"

"நான் சொல்லலை. சொன்னா வேண்டாம்னுருவாங்களேன்னு பயம். எப்படியாவது போய்ச் சேர்ந்துரும்னு நெனச்சேன்."

சுகந்தி அம்மா எழுந்து அடுப்பில் இருந்த குழம்பைக் கிளறினார். வெளியே ஒரு காட்டுக்கோழி கத்தியது.

"அமெரிக்காவுக்கே இன்னும் இருபத்திரண்டு பொட்டி கட்டி வச்சிருக்கேன்" என்றார் அங்குராஜ். "நாளைக்கு ஏத்தணும். இதுவும் திரும்பி வந்துச்சுன்னா பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். நியாயத்தைச் சொல்லுங்க. வரி யார் தலையில விழணும்?"

"சாப்பிட்டுப் பேசுவோம்."

இலை விழுந்தது. சோறு, மொச்சைக் குழம்பு, சுட்ட அப்பளம். மலையேறியதாலோ என்னவோ, நான்கு நாள் பசியும் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. அம்மா கேட்காமலே மறுசோறு போட்டார். அங்குராஜ் கையால் இலையை மறைக்கப் பார்த்தார். அதற்குள் மூன்றாவது கரண்டியும் விழுந்துவிட்டது. கடைசியில் இரண்டு மலைவாழைப் பழம்.

இப்படிச் சாப்பிட்டு எவ்வளவோ நாளாயிற்று என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

கை கழுவிவிட்டு வந்து, பதிலுக்காகக் கும்பிட்டு நின்றார்.

"ஒரு விஷயம் இருக்குய்யா" என்றார் அம்மா.

"சொல்லுங்கம்மா."

"இங்க சாப்பிட்டவங்க கீழ ஊத்துல இருந்து பத்துக் குடம் தண்ணி கொண்டாந்து தொட்டியில ஊத்தணும். அதுதான் இங்க வழக்கம்."

அங்குராஜ் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

கொட்டகை ஓரத்தில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. ஊற்று, அவர் மூச்சிரைக்க ஏறி வந்த பாதையில், பாதித் தூரம் கீழே.

"பத்துக் குடமா? எனக்கு முட்டி வலிம்மா. சக்கரை வேற."

"தெரியும். ஏறி வரும்போதே பாத்தேன்."

அங்குராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊர் மெச்சும் ஆளிடம் கோபப்படுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"பாத்தீங்கள்ல? அப்ப இலை போடுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்ல?"

"சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பீங்க."

"நான் எதுக்குப் போறேன்? முடியாதும்மா, அஞ்சு குடம்னா கொண்டாறேன்னு சொல்லியிருப்பேன். இல்ல, ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்திருப்பேன். பழம் மட்டும் போதும்னுகூடச் சொல்லியிருப்பேன். அது என் இஷ்டம். வயிறு ரொம்பினதுக்கு அப்புறம் வாசல்ல மறிச்சுக்கிட்டுச் சொன்னா, அது..."

நிறுத்தினார்.

என்ன வார்த்தை வரவிருந்தது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நான்கு நாளாக அவரைத் தூங்கவிடாத அதே வார்த்தை.

அம்மா எச்சில் இலையை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். அங்குராஜ் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் போன்.

"சுபத்ரா அம்மாகிட்டத்தான் முதல்ல பேசணும்" என்றார். "அப்புறம் அந்த இருபத்திரண்டு பேருகிட்டயும்."

"பேசுங்க."

"வேண்டாம்னு சொல்றவங்க சொல்லட்டும்."

"சொல்லட்டும்."

அவர் மணி பார்த்தார். இரண்டு.

"அங்க இன்னும் விடிஞ்சிருக்காதே. எப்பம்மா விடியும்?"

"நமக்குப் பொழுது சாயுறப்ப."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

அம்மா குடத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.