கால் பட்ட கல்

"உங்களுக்குக் கட்டின மண்டபம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு சாமி. இன்னும் இந்த ஒழுகுற குடிசையிலயே கிடந்தா ஊர் என்னைத்தானே ஏசும்?"

வீரணன் கேட்டான். ஐம்பது வயது. செங்கல் சூளைக்குச் சொந்தக்காரன். பன்னிரண்டு வருடமாகக் குருவின் சீடன். பக்தியில் அவனைக் குறை சொல்ல முடியாது.

"ஓலை மாத்தினா ஒழுகாது" என்றார் குரு.

"இந்த ஊர்ல ஏது சாமி பனை?"

"இருந்துச்சே."

வீரணன் தலையைச் சொறிந்தான். ஏரிக்கரைப் பனை அத்தனையும் அவன் சூளையில்தான் எரிந்தது.

"மண்டபத்துக்கு வாங்க சாமி. நல்லா வெந்த கல்லு. நம்ம வயல் மண்ணு."

"வயல் எங்க?"

வயல் இருந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி இருந்தது.

குடிசை வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் இருசாயி. அவன் சூளையில் மண்ணை அச்சில் அடித்துக் கல் அறுப்பவள். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவள்.

"இந்தம்மாவுக்கு ஒரு கல்லு வேணுமாம்" என்றார் குரு. "அதைத் தேடிக் குடு. அப்புறம் வர்றேன்."

"ஒரு கல்லா? ஒரு லோடே தர்றேன் சாமி."

"ஒண்ணே ஒண்ணு போதுங்க" என்றாள் இருசாயி.

"எந்தக் கல்லு?"

"எம்பொண்ணு அம்பிகா மிதிச்ச கல்லு."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அறுத்துக் காய வச்சிருந்தேன். ஈரக் கல்லு மேல ஓடிட்டா. ஒரு கல்லுல பாதம் அஞ்சு விரலோட அப்படியே பதிஞ்சிடுச்சு. கல்லக் கெடுத்திட்டியேன்னு முதுகுல ஒண்ணு வச்சேன்."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அந்தக் கல்லு சூளையில வெந்துக்கிட்டு இருக்கறப்பத்தான் மழை புடிச்சுது. மண்ணெடுத்த குழியெல்லாம் தண்ணி. குழி எது, தரை எதுன்னு தெரியல. ஆறு வயசுப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

வீரணனுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. குழந்தையைத் தூக்கி வந்தவர்களில் அவனும் ஒருவன். அவனும் அழுதான். மறுநாள் வேலி போடலாம் என்று நினைத்தான். மறந்துவிட்டான்.

"அவளை ஒரு போட்டோகூடப் புடிச்சதில்லீங்க" என்றாள் இருசாயி. "அந்தப் பாதம் ஒண்ணுதான்."

"அந்தச் சூளைக் கல்லு எங்க போச்சு?" என்று குரு கேட்டார்.

"பூராவும் மண்டபத்துக்குத்தான் வந்துச்சு சாமி."

"அப்ப சுவத்துல தேடு. இடிச்சாலும் சரி."

"சுவத்துல இருக்காது சாமி." வீரணனின் குரல் இறங்கியது. "சாமி இருக்கிற எடத்துல கால் பட்ட கல்லு ஆகாதுன்னு நானே ஒண்ணொண்ணாப் பார்த்துப் பொறுக்கினேன். நாய் மிதிச்சது, ஆடு மிதிச்சது, எல்லாத்தையும்."

"பொறுக்கி என்ன செஞ்சே?"

"உடைச்சு ஜல்லியாக்கினோம். தரைக்கு அடியில கொட்டி இடிச்சோம். மேல சிமெண்டு போட்டாச்சு."

இருசாயி அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குரு எழுந்தார். மண்டபத்தை நோக்கி நடந்தார். இருசாயி பின்னால் போனாள்.

வீரணன் சிறுபிள்ளைபோல முன்னால் ஓடினான். செருப்பை வெளியே விட்டான். கதவைத் திறந்தான். உள்ளே போய் நட்டநடுவில் கைகூப்பி நின்றான். ஒரு மாதமாகக் காத்திருந்த நேரம்.

"வாங்க சாமி."

குரு படியிலேயே நின்றுவிட்டார்.

இருசாயி வாசலில் குனிந்து உள்ளே பார்த்தாள். வழவழவென்று சிவப்புத் தரை. கையை மட்டும் நீட்டித் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"எந்தப் பக்கம்ங்க போட்டீங்க?"

"எல்லாத்தையும் கலந்துதாம்மா போட்டோம். இந்தப் பக்கம்னு சொல்ல முடியாது."

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு அவன் பாதங்களைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க நிக்கிற எடத்துலயும் இருக்குமாங்க?"

வீரணன் ஒரு காலைத் தூக்கினான்.

எங்கே வைப்பதென்று தெரியவில்லை.