எலுமிச்சம்பழத்துக்கு அந்தப் பக்கம்

தாராபுரத்தில் பழைய கார் விற்கிற பொன்னுரங்கத்திடம், ஓட்டிப் பார்த்து வாங்குகிறேன் என்று யாராவது சொல்லிவிட்டால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மெக்கானிக்கோடு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

தன் சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் ஏற்ற வண்டி தேடி அவரிடம் போனாள் துளசிமணி. சீட்டுக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அவள் பையில் இருந்தது.

"ஓட்டிப் பாக்கறதெல்லாம் இங்க கிடையாது அம்மிணி. என் வாக்குதான் கேரண்டி. பிரேக்கைத் தொட்டா வண்டி அடிச்ச மொளையாட்டம் நிக்கும்."

"உங்க வாக்கு போதுங்கண்ணா. பூசை போட்டுட்டுப் பணத்தைக் குடுத்தர்றேன்."

நெற்றி நிறைய விபூதி பூசியவர் பூசையை எப்படி மறுப்பார்? சூடத்தட்டோடு அவரே வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். துளசிமணி எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் வைக்காமல், பத்தடி தள்ளி நின்ற அவர் காலடியில் வரிசையாக வைத்தாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"வேகமா வந்து பழத்தை நசுக்கி அங்கயே நிறுத்திடறேன். நீங்க சூடத்தைக் காட்டிட்டு அப்படியே நில்லுங்கண்ணா."

சாவியைத் திருப்பியதுதான் தாமதம், பொன்னுரங்கம் தட்டோடு ஓடி வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். எதிர் டீக்கடையே சிரித்தது.

துளசிமணி வண்டியை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"அந்த பிரேக்கை நம்பி முன்னால நிக்க உங்களாலயே முடியல. நான் எப்படிங்கண்ணா உள்ள உக்கார்றது?"

பையையும் பழங்களையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மறுநாள் அவள் கடையில் எலுமிச்சை சாதம்.